மனம் விலகிய நட்சத்திர ஆட்டக்காரரை மாற்றிக்கொடுக்கலாமா? தருமபுரி கூடைப்பந்து அணி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அணியின் சிறந்த ஆட்டக்காரர் வந்து, "எனக்கு இங்கே ஆடப் பிடிக்கவில்லை, விட்டுவிடுங்கள்" என்கிறார். விடுவதா, பிடித்து வைப்பதா? விட்டால் பதிலுக்கு என்ன கேட்பது? அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ. லீக்கில் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஏதாவது ஓர் அணி இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்கிறது. தருமபுரியில் சம்பளமே இல்லாமல் ஆடுகிற எங்கள் அணிக்கும் அது வந்தது. பணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இரண்டு இடத்திலும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான். இதே நிலையில் நிற்கிற பிற மாவட்டத்து அணிகளுக்கு உதவும் என்பதால், நடந்ததையும் நாங்கள் யோசித்த விதத்தையும் முழுதாக எழுதுகிறேன்.

நான் அந்த அணியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். முன்பு ஆடியவன், இப்போது ஸ்கோர் நோட்டு எழுதுகிறவன். யாருடைய பெயரையும் அணிகளின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. கதையின் நடுவில் நிற்கிற ஆட்டக்காரரை அவர் ஆடும் இடத்தை வைத்து 'சென்டர்' (கூடைக்குப் பக்கத்தில் ஆடுகிற உயரமானவர்) என்றே சொல்கிறேன். அவரிடம் காட்டி, சரி என்று சொன்ன பிறகே இதை வெளியிடுகிறேன்.

அணியும் ஆளும்

நகரத்துப் பள்ளி ஒன்றின் சிமெண்ட் கோர்ட்டில் சாயங்காலம் பயிற்சி செய்கிற அணி எங்களுடையது. கல்லூரி மாணவர்கள், காவலர் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், ஒரு செல்போன் கடைக்காரர், ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிற சிலர். வெளியூர் டோர்னமென்ட் என்றால் பஸ் செலவும் சாப்பாடும் குழு பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கரூர், பெரியகுளம், கோவை அகில இந்தியப் போட்டிகளில் வங்கி அணிகளும் ரயில்வே அணிகளும் ஆடுவதை கேலரியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவோம். நாங்கள் ஆடுவது மாவட்டப் போட்டிகளும் சேலம், கிருஷ்ணகிரி பக்கத்துக் கோடை மின்னொளி ஆட்டங்களும்.

சென்டர் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்துப் பையன். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவரை உயரத்தைப் பார்த்து இந்தப் பக்கம் இழுத்து வந்தவர் எங்கள் மாஸ்டர், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். சில வருடங்களிலேயே கூடை மாட்டிய போர்டுக்குக் கீழே அவரைத் தாண்டி ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுக்க எங்கள் மாவட்டத்தில் ஆள் இல்லை என்ற நிலை வந்தது. இரண்டு பேர் சேர்ந்து மறித்தாலும் திரும்பிப் போட்டுவிடுவார். அவருக்கு அப்பா இல்லை. அம்மா கிராமத்தில் இரண்டு மாடுகளோடு இருக்கிறார். படிப்பு முடிந்ததும் ஓசூரில் ஒப்பந்த வேலை, மாறி மாறி ஷிப்ட், நண்பர்களோடு ஒரு ரூம்.

ஓசூரிலிருந்து தருமபுரிக்கு நெடுஞ்சாலை வழியாக 90 கிலோமீட்டருக்கு மேல். வார நாளில் ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து அவர் வந்து சேரும்போது பயிற்சி பாதி முடிந்திருக்கும். தொடர்ந்து பயிற்சிக்கு வராதவர் ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் வெளியே உட்கார வேண்டும் என்பது மாஸ்டரின் பழைய விதி. அந்த விதிப்படி சென்டர் பல ஆட்டங்களில் உட்கார்ந்தார். ஒரு கோடைப் போட்டியின் அரையிறுதியில் அவர் உள்ளே வருவதற்குள் ஆட்டம் கையை விட்டுப் போயிருந்தது. மைதானத்திலேயே மாஸ்டர் அவரைத் திட்டினார். அவர் ஒன்றும் பதில் பேசவில்லை. ஊர் திரும்பியதும் என்னிடம், "லெட்டர் குடுத்துருங்கண்ணா, நான் ஓசூர் டீமுக்கே ஆடிக்கிறேன்" என்றார்.

ஓசூர் என்றால் கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் மாவட்டம் பிரிந்ததிலிருந்து அது எங்கள் பக்கம் இல்லை. ஆகவே அந்த அணிக்குப் போகிறவர் எங்கள் கிளப்பை மட்டும் விட்டுப் போவதில்லை, மாவட்டத்தையே மாற்றுகிறார். அவர் கேட்ட லெட்டர், அதற்கு நாங்கள் தர வேண்டிய தடையில்லாக் கடிதம்.

சில நாளில் ஓசூர் அணியின் மேனேஜரே போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "சும்மா கேக்கலைங்க. பதிலுக்கு ரெண்டு பசங்களை அனுப்புறோம். ஒருத்தன் கார்டு, உங்க ஊர்க்காரன்தான். இன்னொருத்தன் ஃபார்வர்டு, நல்லா ஓடுவான்" என்றார். கார்டு என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுப்பவர், ஃபார்வர்டு என்றால் முன்வரிசையில் ஆடுபவர். என்.பி.ஏ.வில் 'ட்ரேட்' என்கிறார்களே, அந்த வியாபாரம் அப்படியே எங்கள் முன்னால் வந்து நின்றது.

குழுவில் நடந்த பேச்சு

கூட்டம் பள்ளி கேலரிப் படியிலேயே நடந்தது. தலைவர் லெட்டர் தரவே கூடாது என்றார். "நம்ம வளர்த்த பையன். ஒருத்தனுக்குக் குடுத்தா நாளைக்கு நாலு பேர் கேப்பான்." கேப்டன் நேர் எதிர்: "மனசு இல்லாதவனை வெச்சு எப்படிண்ணா ஆடுறது? இன்னைக்கே அனுப்பிடலாம்." இளைய ஆட்டக்காரர்கள் காலையில் போனில் என்.பி.ஏ. ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அவர்கள் உடனே அங்கே அணி மாற்றம் கேட்ட நட்சத்திரங்களான டேமியன் லில்லார்ட் பெயரை எடுத்தார்கள், ஜேம்ஸ் ஹார்டன் பெயரை எடுத்தார்கள். மாஸ்டர் கடைசி வரை வாய் திறக்கவில்லை.

இரண்டு பக்கப் பேச்சிலும் ஒரு குறை இருந்தது. அந்தப் பையனுக்கு என்ன மனக்குறை என்று யாரும் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் லெட்டரைப் பற்றியே பேசினார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த மாதிரி நிகழ்வில் முதல் வேலை, மனக்குறையைப் பிரித்துப் பார்ப்பது. ஆடுகிற விதத்தில் குறையா? அணியின் தரத்தில், கூட இருக்கிறவர்களிடத்தில் குறையா? இல்லை, ஆட்டத்துக்கு வெளியே, வாழ்க்கையில் இருக்கிற குறையா? முதல் இரண்டும் அணியின் கையில் இருப்பவை. மூன்றாவதை எந்தப் பயிற்சியாளரும் டைம் அவுட் கேட்டுத் தீர்க்க முடியாது.

இதை நான் கற்றுக்கொண்டது இரண்டு பெரிய ஆட்டக்காரர்களின் கதையிலிருந்து.

கோபி: பிடித்து வைத்து வென்ற கதை

2007 மே மாதக் கடைசியில் கோபி பிரையன்ட் வானொலிப் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார், தன்னை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியிலிருந்து மாற்றிவிட வேண்டும் என்று. 2000 முதல் 2002 வரை தொடர்ந்து மூன்று பட்டம் வென்றவர். 2004-இல் அணியின் இன்னொரு நட்சத்திரமான ஷக்கீல் ஓ'நீல் போன பிறகு அணி மெலிந்தது. 2006, 2007 இரண்டு ஆண்டும் முதல் சுற்றிலேயே ஃபீனிக்ஸிடம் தோற்றார்கள். சுற்றிலும் ஆள் இல்லாமல் தன் நல்ல வயது கரைகிறதே என்பதுதான் அவருடைய கோபம்.

சிகாகோவுடன் பேச்சு நடந்தது, நாளிதழ்கள் நிறைந்தன. லேக்கர்ஸ் விடவில்லை. கோபியின் ஒப்பந்தத்தில் அவருடைய சம்மதம் இல்லாமல் அவரை மாற்ற முடியாது என்ற விதி இருந்ததும் பேரத்தை நெருக்கியது. பிடித்து வைத்ததோடு லேக்கர்ஸ் நிற்கவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பழைய அணித்தோழர் டெரெக் ஃபிஷரைத் திரும்ப அழைத்தார்கள். 2008 பிப்ரவரியில் மெம்ஃபிஸிலிருந்து பாவ் கசோலைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டே கோபி லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார், அணி இறுதிப்போட்டி வரை போய் பாஸ்டனிடம் தோற்றது. 2009, 2010 இரண்டு ஆண்டும் பட்டம்.

நட்சத்திரத்தைப் பிடித்து வைக்கலாம் என்று வாதாடுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். ஆனால் பாதியைத்தான் சொல்வார்கள். கோபி கேட்டது பலமான அணி. அதை அவர்கள் கட்டிக் கொடுத்தார்கள். அவருடைய மனக்குறை என் கணக்கில் இரண்டாம் வகை, தீர்க்கக்கூடியது. தீர்த்தார்கள், இருந்தார்.

கரீம்: மனம் நோகாமல் விட்ட கதை

கரீம் அப்துல்-ஜப்பார் 1969-இல் மில்வாக்கி அணிக்கு வந்தார். 1971-இல் பட்டம் வென்று கொடுத்தார். 1974 இறுதிப்போட்டியில் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனிடம் தோற்றார்கள். அந்த இலையுதிர் காலத்தில் அவர் அணி நிர்வாகத்தைத் தனியாகச் சந்தித்து, நியூயார்க்குக்கோ லாஸ் ஏஞ்சலஸுக்கோ தன்னை மாற்றிவிடும்படி கேட்டார். அணியின் மேல் புகார் இல்லை. ரசிகர்கள் மேல் கோபம் இல்லை. நியூயார்க்கில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸில் கல்லூரி படித்து, இஸ்லாத்தைத் தழுவிய மனிதருக்கு அந்த ஊரில் தன் வாழ்க்கை பொருந்தவில்லை. மூன்றாம் வகை மனக்குறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கேட்ட பிறகும் அந்த ஆண்டு ஆடினார். விஷயம் பல மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது. 1975 ஜூனில் அவரை லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டு மில்வாக்கி முக்கியமாக நான்கு ஆட்டக்காரர்களை வாங்கியது: எல்மோர் ஸ்மித், பிரையன் வின்டர்ஸ், டேவ் மேயர்ஸ், ஜூனியர் பிரிட்ஜ்மன். வரலாற்றின் மிகச் சிறந்த சென்டர்களில் ஒருவரைக் கொடுத்து நான்கு இளைஞர்களா என்று அன்றைக்கு யாருக்கும் வயிறு எரிந்திருக்கும். அடுத்த பட்டத்துக்கு மில்வாக்கி 2021 வரை, 50 ஆண்டு காத்திருந்தது உண்மை. ஆனால் 1980 முதல் 1986 வரை ஏழு ஆண்டு தொடர்ந்து தன் பிரிவில் முதலிடத்தில் இருந்ததும் அதே மில்வாக்கிதான், அதன் தொடக்கத்துக்கு அந்த இளைஞர்களில் சிலர் கை கொடுத்தார்கள். வின்டர்ஸ், பிரிட்ஜ்மன் இருவரின் ஜெர்சி எண்களையும் அந்த அணி பின்னாளில் யாருக்கும் தராமல் நிரந்தரமாக எடுத்து வைத்தது. போய்விட்ட கரீமின் எண்ணையும் அப்படியே எடுத்து வைத்தது. பிரிந்தவர்களுக்குள் இப்படி மரியாதை மிஞ்சுவது அடிக்கடி நடப்பதில்லை.

லேக்கர்ஸ் பக்கமும் பாருங்கள். கரீம் வந்த முதல் ஆண்டு அவர் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர், அணியோ பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 1979-இல் மேஜிக் ஜான்சன் வந்த பிறகுதான், 1980-இல் பட்டம். நட்சத்திரத்தை வாங்கிய பக்கம் மறுநாளே ஜெயிக்கும் என்று ஒன்றுமில்லை.

எங்கள் சென்டரிடம் கேட்டது

இந்த இரண்டு கதையையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்கே போய் அவரைப் பார்த்தேன். மாஸ்டரும் வந்தார். அம்மா டீ கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் இருந்தது நல்லதாகப் போயிற்று.

சென்டர் மூன்று விஷயம் சொன்னார். கார்டுகள் பந்தைத் தட்டிக்கொண்டே நின்று கடைசி நொடியில்தான் உள்ளே கொடுக்கிறார்கள், அதற்குள் இரண்டு பேர் மறித்துவிடுகிறார்கள் என்பது ஒன்று. பஸ் தாமதமானதற்குத் தன்னை பெஞ்சில் உட்கார வைப்பது இரண்டாவது. மூன்றாவதை அவர் சொல்லத் தயங்கினார், அம்மா சொன்னார்: "வாரத்துல ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளும் மேட்ச்சுனு தருமபுரிக்குப் போயிடறான். நான் இவனைப் பார்த்தே மாசக்கணக்காச்சுங்க சார்." ஓசூர் அணியில் பயிற்சி அவர் ரூமுக்குப் பக்கத்திலேயே. வார நாளிலேயே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாம்.

"முதல் ரெண்டையும் சரி பண்ணிட்டா இருப்பியாப்பா?" என்று மாஸ்டர் கேட்டார். சென்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆட்டம் சரியாயிடும் சார். வீட்டுக்கு வர்ற நாள் சரியாகாதே" என்றார்.

எனக்கு அங்கேயே விடை தெரிந்துவிட்டது. முதல் குறையும் இரண்டாவதும் நாங்கள் தீர்க்க வேண்டியவை, அவர் இருந்தாலும் போனாலும். மூன்றாவது எங்கள் கையில் இல்லை. லெட்டர் தர மறுத்தால் அவர் எங்களுக்கு ஆடுவார் என்பது கனவு. எங்கேயும் ஆடமாட்டார், அதுதான் நடக்கும். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. மாநில அளவில் ஆடிய சான்றிதழ் ஒவ்வொன்றும் ஒப்பந்தக் கூலிக்குப் போகிற பையனுக்கு விலைமதிப்புள்ளது. ஓர் ஆண்டு அவரை முடக்கினால் அவருடைய சோற்றில் கை வைக்கிறோம். வளர்த்தோம் என்ற உரிமை அதுவரைக்கும் போகாது. தலைவரிடம் நான் குரல் உயர்த்திப் பேசியது இந்த ஒரு விஷயத்தில்தான்.

எப்போது விடுவது

என்.பி.ஏ.வில் இந்தக் கணக்கை ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கிற ஆண்டுகள் தீர்மானிக்கின்றன. 2023 ஜூலையில் போர்ட்லண்ட் அணியின் லில்லார்ட் மயாமிக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது அவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் பாக்கி. போர்ட்லண்ட் அவசரப்படவில்லை. செப்டம்பர் கடைசி வரை பொறுத்து, அவர் கேட்காத மில்வாக்கிக்கு அனுப்பி, ஆட்டக்காரர்களும் வருங்காலத் தேர்வு உரிமைகளும் (புதிய இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) வாங்கிக்கொண்டது. 2018-இல் சான் அன்டோனியோவுக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. தொடைக் காயத்தின் சிகிச்சை விஷயத்தில் அதன் நட்சத்திரம் கவாய் லெனர்டுக்கும் அணிக்கும் நம்பிக்கை போய்விட்டது. அந்த சீசனில் அவர் 9 ஆட்டம்தான் ஆடினார். ஒப்பந்தப்படி இன்னும் ஓர் ஆண்டில் விலகிப் போகக்கூடிய நிலை, பேரம் பேச இடமில்லை.

முடிவெடுக்காமல் இழுப்பதும் கெடுதல். 2019 ஜனவரிக் கடைசியில் ஆன்டனி டேவிஸ் நியூ ஆர்லியன்ஸை விட்டுப் போகக் கேட்டார். பகிரங்கமாகக் கேட்டதற்கு லீக் 50,000 டாலர் அபராதம் போட்டது. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதற்கான பிப்ரவரிக் கெடுவுக்குள் அணி அவரை அனுப்பவில்லை, முழுதாக ஆட வைக்கவும் இல்லை. நிமிடங்களைக் குறைத்து, பாதி மனதோடு சீசனை ஓட்டினார்கள். பார்க்கவே வேதனையாக இருந்தது. ஆனாலும் கோடை வரை காத்திருந்ததில் நல்ல விலை கிடைத்தது: பிராண்டன் இங்ராம், லோன்சோ பால், ஜோஷ் ஹார்ட், அதோடு முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள். டேவிஸை வாங்கிய லேக்கர்ஸ் 2020-இல் பட்டம் வென்றது, இங்ராம் அதே ஆண்டு லீக்கின் சிறந்தவர்கள் ஆடுகிற ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்.

எங்களிடம் ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது. பையனின் நல்ல மனசுதான் ஒப்பந்தம். அது எத்தனை நாள் இருக்கும் என்று பார்த்தால், மாவட்டப் போட்டி முடிகிற வரை இருக்கும் என்று பட்டது. அவரே அதைச் சொன்னார். தன் ஊர் ஆட்களுக்கு நடுவே பாதியில் விட்டுப் போக அவருக்கும் விருப்பமில்லை.

பதிலுக்கு வரும் இருவர்

நான் மிக அதிகமாக யோசித்தது இந்த இடத்தில்தான். ஒருவரைக் கொடுத்து இருவரை வாங்குவது லாபமா?

கூடைப்பந்தில் ஒரு நேரத்தில் உள்ளே ஐந்து பேர்தான். இரண்டு சுமாரான ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு நல்ல ஆட்டக்காரரின் இடத்தில் நிறுத்த முடியாது, இடம் ஒன்றுதான் இருக்கிறது. என்.பி.ஏ.வில் சிறந்த ஆளை வாங்குகிற பக்கம்தான் ஜெயித்தது என்று சொல்வது இதனால்தான். ஆனால் எங்கள் போட்டிகள் வேறு மாதிரி. மூன்று நாளில் முடிகிற நாக்-அவுட், சில நாள் காலையும் ராத்திரியும் ஆட்டம். சர்வதேச விதிப்படி 40 நிமிடம், ஐந்தாவது ஃபவுலில் வெளியே. எங்கள் சென்டர் மூன்றாவது கால்பகுதியிலேயே நான்கு ஃபவுலோடு தவித்த ஆட்டங்கள் என் நோட்டில் நிறைய இருக்கின்றன. அவர் வெளியே இருந்த கால்பகுதிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். ரீபவுண்டில் அடி வாங்கினோம். ஆனால் பந்து அதிகக் கைகளுக்குப் போயிருந்தது, வழக்கமாகக் கூடை போடாத பையன்கள் போட்டிருந்தார்கள். ஆக எங்கள் மட்டத்தில் பெஞ்சில் இரண்டு நல்ல ஆள் கூடுவதற்கு மதிப்பு உண்டு. கணக்குப்படி ஓசூர் மேனேஜர் கொடுப்பது நியாயமான விலைதான்.

அப்போதுதான் டிமார் டிரோசன் நினைவுக்கு வந்தார். லெனர்ட் கதையை எல்லோரும் லெனர்டின் கதையாகவே சொல்கிறார்கள். 2018 ஜூலையில் அவரும் டேனி கிரீனும் டொரன்டோ போனார்கள், 2019-இல் டொரன்டோ முதல் பட்டம் வென்றது, லெனர்ட் இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர், அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். டொரன்டோவுக்குப் பட்டம் கிடைத்தது, ஆகவே நல்ல வியாபாரம் என்பார்கள். சரி. ஆனால் பதிலுக்கு அனுப்பப்பட்டவர் டிரோசன். 2009-இல் டொரன்டோ தேர்ந்தெடுத்த பையன். மற்ற நட்சத்திரங்கள் அந்த ஊரை விட்டு ஓடியபோது அவர் நின்றார். 2016-இல் வேறெங்கும் போய்ப் பார்க்காமல் அங்கேயே மறுபடி கையெழுத்துப் போட்டார். அந்த அணிக்காக அதிகப் புள்ளி எடுத்தவர். அவருக்கு எந்த மனக்குறையும் இல்லை. இன்னோர் அணியின் ஆட்டக்காரருக்கு மனம் சரியில்லாததால், மனம் நிறைந்து ஆடிக்கொண்டிருந்தவர் பெட்டியைக் கட்ட வேண்டியதாயிற்று. அவர் எவ்வளவு நொந்தார் என்பதை மறைக்கவில்லை.

லில்லார்ட் விஷயத்திலும் இதுதான். மில்வாக்கிக்கு 2021 பட்டம் வாங்கித் தந்த ஜூரூ ஹாலிடே போர்ட்லண்டுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து சில நாளில் பாஸ்டனுக்குத் தள்ளிவிடப்பட்டார். அவருக்கு 2024-இல் பாஸ்டனில் பட்டம் கிடைத்தது அதிர்ஷ்டம். மனம் விலகிய நட்சத்திரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அவரை மாற்றுவதற்காக இடம் பெயர்க்கப்படுகிற மனம் விலகாத ஆளைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. அங்கே பெரிய சம்பளம் அந்தக் காயத்துக்கு மருந்து போடுகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். எங்களிடம் அந்த மருந்தும் இல்லை.

அதனால் ஓசூர் மேனேஜரிடம், அந்த இரண்டு பையன்களிடமும் நானே பேச வேண்டும் என்று கேட்டேன். கார்டு பையனின் வீடு தருமபுரியிலேயே. ஓசூர் போய் வருவதே அவனுக்குச் சிரமம், எங்கள் அணிக்கு வர அவனுக்கு முழு விருப்பம். ஃபார்வர்டு பையன் ஓசூரை அடுத்த தளி பக்கத்துக்காரன். பேச்சு நடந்ததே அவனுக்குத் தெரியாது. "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனாண்ணா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு அவனை வாங்குவது பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை.

எடுத்த முடிவு

கார்டு பையனை மட்டும் ஏற்றுக்கொண்டோம், அவனாக வருவதால். ஃபார்வர்டு வேண்டாம் என்றோம். சென்டருக்கு மாவட்டப் போட்டி முடிந்த மறுநாள் தேதியிட்டு லெட்டர் எழுதி, தலைவர் கையெழுத்தோடு முன்கூட்டியே அவர் கையில் கொடுத்துவிட்டோம். இதில் குழுவுக்குள் எதிர்ப்பு இருந்தது. கையில் லெட்டர் இருந்தால் ஒழுங்காக ஆடுவானா என்று கேட்டார்கள். மாஸ்டர் அப்போதுதான் பேசினார்: "அவன் ஆடுவான். நான் பொறுப்பு."

பெஞ்ச் விதியையும் மாற்றினோம். ஷிப்ட் வேலை பார்க்கிறவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயிற்சிக்கு வராதது குற்றமில்லை. இதைச் சென்டருக்கு மட்டும் என்று செய்யாமல் எல்லோருக்கும் செய்ததில் கேப்டன் உறுதியாக இருந்தார். நட்சத்திரத்துக்கு மட்டும் ஒரு சட்டம் என்றால் மற்றவர்கள் உள்ளுக்குள் கசந்துபோவார்கள். அவர் சொன்னது சரி.

ஆட்டத்தில் ஒரு மாற்றம். சென்டர் போர்டுக்குக் கீழே பந்துக்காகக் காத்திருப்பதை விட்டு, கூடைக்கு எதிரே இருக்கிற ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஏறி வந்து பந்தை வாங்கி, வெட்டி ஓடுகிறவர்களுக்குப் பாஸ் கொடுக்க ஆரம்பித்தார். இருவர் மறிக்கிற சிக்கல் பாதி தீர்ந்தது. இதை முன்பே செய்திருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். ஆட்டக்காரர் வாய் திறந்து சொன்னால்தான் பயிற்சியாளருக்கும் தெரியும், அவர் சொல்வதற்கு அவரைக் கேட்கிற ஆள் வேண்டும்.

பிறகு நடந்தது

மாவட்டப் போட்டியில் இறுதி வரை போனோம், தோற்றோம். சென்டர் அந்தப் போட்டி முழுதும் ஆடிய ஆட்டம், நான் நோட்டு எழுதத் தொடங்கியதிலிருந்து பார்த்த அவருடைய ஆட்டங்களிலேயே சிறந்தது. போகிற நாள் தெரிந்துவிட்டதால் மனம் லேசாகிவிட்டது என்று நினைக்கிறேன். அணியும் அவரைப் போகிறவன் என்று ஒதுக்கவில்லை.

அவர் போன பிறகு வந்த கோடை கஷ்டமாகவே இருந்தது. போர்டுக்குக் கீழே எங்களிடம் உயரம் இல்லை. முதல் டோர்னமென்டில் முதல் சுற்றிலேயே வெளியேறினோம், என் நோட்டில் ரீபவுண்ட் எழுதிய பக்கம் பார்க்கச் சகிக்காது. கார்டு பையன் வந்ததில் பந்து வேகமாக நகர்கிறது, டிஃபென்ஸிலும் சுறுசுறுப்பு. அது போதவில்லை. சேலம் பக்கத்துப் போட்டி ஒன்றில் ஓசூர் அணியே எதிரில் வந்தது, சென்டர் எங்கள் மேலேயே விளையாடித் தள்ளினார். தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது. ஸ்கோரை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் கேட்பது நியாயம்.

ஆனாலும் முடிவு சரி என்றே இன்றும் சொல்கிறேன். மறுத்திருந்தால் அந்த சென்டர் இன்று எங்களிடமும் இருந்திருக்க மாட்டார், ஓசூரிலும் இருந்திருக்க மாட்டார். இப்போது கிருஷ்ணகிரி மாவட்ட அணியில் ஆடுகிறார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறார், ஊரில் இருக்கிற சில சாயங்காலங்களில் எங்கள் சின்னப் பையன்களுக்கு போஸ்ட் ஆட்டம் (போர்டுக்குக் கீழே ஆடுகிற விதம்) சொல்லிக் கொடுக்கிறார். 2025-இல் லில்லார்ட் காயத்தோடு மில்வாக்கியிலிருந்து விடுவிக்கப்பட்டதும் போர்ட்லண்டுக்கே திரும்பி வந்தார். விட்டுப் போன ஊருக்குத் திரும்பி வர ஒரு வழி இருக்கும். எங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். அதை எதிர்பார்த்து நாங்கள் லெட்டர் கொடுக்கவில்லை.

குழுவில் ஒரு நடைமுறையைப் புதிதாக வைத்திருக்கிறோம். கோடைப் போட்டிகள் முடிந்ததும் மாஸ்டரும் கேப்டனும் ஒவ்வோர் ஆட்டக்காரரிடமும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்: ஆட்டத்தில் என்ன குறை, அணியில் என்ன குறை, வீட்டில் என்ன நிலைமை. பதிலை நான் நோட்டில் எழுதுகிறேன். இந்த வருடப் பேச்சில் இரண்டு பேர் பெங்களூரு வேலைக்கு முயற்சி செய்வது தெரிந்தது. அவர்கள் இடத்துக்கு இப்போதே இளையவர்களைத் தயார் செய்கிறோம். உயரமான பையன் ஒருவன் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் மாஸ்டர் தேடிக்கொண்டிருக்கிறார்.